அலமாரிக்குள் அடங்கிய ட்ரைபாட்

புகைப்படத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். கேமரா கனமானது, ட்ரைபாட் மட்டும் லேசாக இருக்க வேண்டும், மடித்தால் பயணப் பைக்குள் போக வேண்டும், எதை வாங்கலாம்? கடைக்காரர்கள் இதற்கு உடனே பதில் சொல்லிவிடுவார்கள். நான் சொல்வதில்லை. இதே கேள்விக்கு ஓர் அரசு அலுவலகம் தன் மொத்த அறிவையும் திரட்டிப் பதில் கண்டுபிடித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அந்தக் கதையைச் சொல்கிறேன். பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

என் பெயர் விசாலாட்சி. அப்பா வங்கி வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். நான் இங்கேயே பிறந்து, தெருவில் வங்காளத்தில் சண்டை போடவும் வீட்டில் தமிழில் திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். அலிப்பூரில், பழைய கட்டடங்களைப் படமெடுத்து ஆவணமாக வைக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து, அங்கேயே ஓய்வுபெற்றேன். அலுவலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மறுப்பு அனுப்புவார்கள். அந்த மறுப்பின் வாசகத்தை முடிவு செய்ய ஒரு குழு அமைப்பார்கள். அது முடிவதற்குள் நீங்களும் ஓய்வுபெற்றுவிடுவீர்கள்.

பணியின் கடைசி ஆண்டுகளில் என் வலது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உயிர் போகும். கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன அதே சமயத்தில்தான் அலுவலகம் ஒரு பெரிய கேமரா வாங்கியது. டெல்லி அலுவலகத்தில் அதே மாதிரி ஒன்று இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் கோப்பில் இல்லை. ஆனால் அருமையான கேமரா, பொய் சொல்லக்கூடாது. சுவரில் ஊரும் எறும்பின் மீசைகூடத் தெரியும். பெரிய லென்ஸைப் பொருத்தித் தூக்கினால் கைக்குழந்தையின் கனம். அதைத் தாங்க எங்களிடம் இருந்ததோ பழைய இரும்பு ட்ரைபாட். அதைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தால், வீடு காலி செய்கிறீர்களா என்று தெருவில் விசாரிப்பார்கள்.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வங்காளிகள் வாயில் நான் எப்போதும் பிஷாலாதி, அதாவது விசாலா அக்கா.

“பிஷாலாதி, இந்த வயசுல வெளியில அலைய வேண்டாம். இங்கேயே ஏசியில உட்கார்ந்து பழைய படங்களுக்கு விவரம் எழுதுங்க. வெளிவேலைக்கு ஒரு ஏஜென்சியை வச்சுக்கலாம்.”

அவர் குரலில் அவ்வளவு கருணை. அலுவலகத்தில் உங்களிடம் யாராவது திடீரென்று கருணையோடு பேசினால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். உங்கள் நாற்காலியை எங்கோ நகர்த்துகிறார்கள் என்று அர்த்தம். எனக்கு வேலையென்றால் வெளிவேலைதான். ஒரு பழைய வீட்டின் படியேறும்போது வருகிற ஈரச்சுவர் வாடையை விட்டுவிட்டு, எவரோ எடுத்த படத்துக்கு அடியில் ‘தெற்கு வாசல்’ என்று எழுதிக்கொண்டு நாளைக் கழிக்க எனக்கு விருப்பமில்லை.

“சார், தோள்தான் பிரச்சினை. கண்ணும் காலும் நல்லா இருக்கு. லேசா ஒரு ட்ராவல் ட்ரைபாட் வாங்கிக் கொடுங்க, நானே போறேன்” என்றேன்.

அவர் யோசித்தார். மறுப்பதற்குக் காரணம் கிடைக்காததால் ஒரு குழு அமைத்தார்.

குழுவில் இயக்குநரோடு இரண்டு பேர். நிர்வாக அதிகாரி சென்குப்தா பாபு ஒருவர். அலுவலகத்தின் சாவிகள் எல்லாம் அவர் இடுப்பில்தான் தொங்கும். இன்னொருவர் கணக்கு அதிகாரி பார்த்தசாரதி. திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர். கல்கத்தாவில் எல்லாவற்றிலும் கடுகெண்ணெய் வாடை அடிக்கிறது என்று நம்பி, மழைக்காலத்தில் மழையைக்கூட முகர்ந்து பார்ப்பவர். தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று என்னிடம் மட்டும் மனம்விட்டுப் பேசுவார்.

என் விண்ணப்பம் முறைப்படி இந்திப் பிரிவுக்குப் போய், ‘யாத்ரா திபாயி’ என்ற பெயரோடு திரும்பி வந்தது. திபாயி என்றால் நம் முக்காலி. குழு கூடிய முதல் நாளே சென்குப்தா பாபு அதைப் பிடித்துக்கொண்டார்.

“பிரயாண முக்காலியா? வழியில உட்கார்றதுக்கா? டாக்ஸியிலதான் சீட் இருக்கே?”

“உட்கார்றதுக்கு இல்லை சார். கேமராவை மேலே வைக்க.”

“அப்போ ‘பிரயாணம்’னு ஏன் போட்டிருக்கு? ஆளுக்குத்தான் பயணப்படி உண்டு. பொருளுக்குக் கிடையாது.”

பார்த்தசாரதி என் பக்கம் குனிந்து தமிழில் முணுமுணுத்தார். “மேடம், ‘ட்ராவல்’ங்கற வார்த்தையை எடுத்துடுங்க. அது இருக்கற வரைக்கும் இந்த மனுஷன் நகரமாட்டார்.”

எடுத்துவிட்டேன். பயணத்துக்கான ட்ரைபாடிலிருந்து பயணம் போனது.

அடுத்து இயக்குநருக்கு ஒரு யோசனை. “மூணு கால் எதுக்கு? நாலா இருந்தா இன்னும் உறுதியா நிக்குமே?”

மேடுபள்ளமான தரையில் மூன்று கால்கள் எப்போதும் தரையைத் தொடும், நான்காவது வந்தால்தான் ஆட்டம் தொடங்கும் என்று விளக்கினேன். அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அதன்பின் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தார்.

பிறகு ஒரு நாள் விற்பனையாளர்களை வரவழைத்தார்கள். மேசைமேல் கடைசியாகப் போட்டிக்கு நின்றவை இரண்டு. ஒன்று குடையைப் போல மெலிந்தது. ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல துண்டுகள், கடைசித் துண்டு பென்சில் தடிமன். நடுவில் உயர்த்திக்கொள்ள ஒரு தண்டு வேறு. மற்றொன்று தடித்த கால்கள் உடையது. ஒரு காலுக்குத் துண்டுகள் குறைவு, நடுத்தண்டு கிடையாது. எடை முதலாவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம், என் தோளுக்கு அது பொருட்டில்லை. மடித்தால் மட்டும் நீளம் கூடுதல்.

மெலிந்ததை விற்க வந்தவர் அதைப் பாதி உயரத்துக்கு விரித்து, தன் பையை மாட்டி, அதுவும் போதாதென்று இரண்டு கைகளையும் ஊன்றித் தொங்கிக் காட்டினார். குழு கைதட்டாத குறை. நான் எழுந்து, அதை முழு உயரத்துக்கு விரித்து, எங்கள் கேமராவை அதன்மேல் பொருத்தினேன். லென்ஸின் நுனியை விரலால் லேசாகத் தட்டினேன்.

“ஸ்கிரீனைப் பாருங்க சார்.”

திரையில் எதிர்ச்சுவர்க் காலண்டர் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கி, நடுங்கி, ஓய்வதுபோலப் போக்குக் காட்டி, மறுபடி நடுங்கியது. தடித்ததன்மேல் வைத்துத் தட்டியபோது ஒருமுறை சிலிர்த்து அடங்கிவிட்டது.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையில் இத்தனை எடை தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். அது உடையாது என்பதற்குத்தான் உத்தரவாதம். ஆடாது என்று அதில் எழுதியிருக்காது. கடையில் உங்கள் கேமராவை, உங்கள் லென்ஸோடு, ட்ரைபாடை முழு உயரத்துக்கு விரித்து வைத்துத் தட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

குழு திரையைப் பார்க்கவில்லை. கேன்டீனிலிருந்து வந்த எடைத் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெலிந்தது ஏறியபோது முள் கொஞ்சம்தான் நகர்ந்தது.

“நீங்கதானே லேசா வேணும்னு கேட்டீங்க?” என்றார் இயக்குநர்.

“லேசா வேணும் சார். ஆனா நிக்கவும் வேணும்.”

“விண்ணப்பத்துல நிக்கணும்னு எழுதலையே” என்றார் சென்குப்தா பாபு. பிறகு இரண்டையும் மடித்து எடுத்துக்கொண்டு மூலையிலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். தடித்தது நெடுக்காகவும் போகவில்லை, குறுக்காகவும் போகவில்லை. மெலிந்தது கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினார். விவாதம் முடிந்தது. எங்கள் ட்ரைபாடைத் தேர்ந்தெடுத்தது அந்த அலமாரிதான்.

வெளியே வந்ததும் பார்த்தசாரதி சமாதானம் சொன்னார். “எடுத்துக்குங்க மேடம். இதையும் வேண்டாம்னா ஃபைலை மூடிட்டு ஏஜென்சியைக் கூப்பிட்டுருவாங்க.” அவர் சொன்னது உண்மை. எடுத்துக்கொண்டேன்.

அது வந்த சில வாரங்களிலேயே நீதிமன்றத்திலிருந்து ஒரு வேலை வந்தது. ஹவுராவில் ஒரு பழைய வீடு. மாடியில் பெரிய கூடம், கூடத்தின் மேற்கூரை முழுக்க ஓவியம். கொடிகள், பூக்கள், நான்கு மூலையிலும் இறக்கை முளைத்த குண்டுக் குழந்தைகள். வீட்டின் ஒரு பங்கில் மித்ரா என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தனியாகக் குடியிருந்தார். மற்ற பங்காளிகள் எல்லோரும் ப்ரொமோட்டரிடம் விற்றுவிட்டார்கள். கல்கத்தாவில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறவரை ப்ரொமோட்டர் என்பார்கள். அவர் தரப்பு வாதம் எளிமையானது. கூரையில் இருப்பது ஓவியமே அல்ல, அந்தக் காலத்தில் கப்பலில் வந்த அச்சடித்த காகிதம், கூரையில் ஒட்டியது, ஆகவே இடிக்கலாம். கையால் வரைந்தது என்றால் இடிக்கக்கூடாது என்று மித்ரா அம்மாள் வழக்குப் போட்டிருந்தார். கூரை உயரம், சாரம் கட்டினால் தளம் தாங்காது. எனவே கூரையை நுணுக்கமாகப் படமெடுத்துத் தரும்படி எங்கள் அலுவலகத்துக்கு உத்தரவு. ஒரே ஒரு முறை உள்ளே போகலாம். படம் தெளிவாக இல்லாவிட்டால் இருக்கிற சான்றை வைத்துத் தீர்ப்பு. இருக்கிற சான்று ப்ரொமோட்டர் கொண்டுவந்தது மட்டும்தான்.

அவ்வளவு விலையுள்ள கேமரா வெளியே போனால் அதிகாரி ஒருவர் கூடப் போக வேண்டும் என்பது விதி. பார்த்தசாரதி வந்தார். என் தோளை நினைத்து ட்ரைபாடை அவரே வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“அடடா, பூ மாதிரி இருக்கே! சரியாத்தான் வாங்கியிருக்கோம் மேடம்” என்றார். டாக்ஸி பாலத்தைக் கடந்து ஹவுராவுக்குள் நுழையும்வரை அந்தப் பெருமை நீடித்தது.

மழைக்கால மதியம். வானம் கழுவிய பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. வீட்டில் மின்சாரம் இல்லை. ஏதோ பழுது என்றார் ப்ரொமோட்டரின் ஆள் சாஹா. பக்கத்து வீடுகளில் எல்லாம் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சாஹா மிகவும் மரியாதையான மனிதர். பருத்த உடம்பு, பளபளக்கும் ஷூ, ஓயாத போன். எங்களைக் கண்காணிக்க நீதிமன்றம் நியமித்த ஒரு பெண் வழக்கறிஞரும் இருந்தார். யார் பக்கமும் சிரிக்கக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

மித்ரா அம்மாள் வெள்ளைப் புடவையில் கதவருகே நின்றார். ஒல்லி, உயரம், தடித்த கண்ணாடி. வங்காளத்தில் பள்ளி ஆசிரியையை திதிமணி என்பார்கள். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

“படம் எடுக்க இந்தக் குச்சியா?” என்று ட்ரைபாடைப் பார்த்துக் கேட்டார். பார்த்தசாரதிக்கு வங்காளம் புரியாதது நல்லதாய்ப் போயிற்று.

கூடத்தில் வெளிச்சம் மிகக் குறைவு. ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் பல விநாடிகள் திறந்திருக்க வேண்டும். அத்தனை நேரமும் கேமரா இம்மி அசையக்கூடாது. உத்தரங்கள்மேல் போட்ட பழைய தளம், ஒருவர் நடந்தால் கூடமே அதிரும். நான் ட்ரைபாடின் மெல்லிய கடைசித் துண்டுகளை இழுக்கவேயில்லை, நடுத்தண்டையும் உயர்த்தவில்லை. லேசான ட்ரைபாடை வைத்துக்கொண்டிருப்பவர் முதலில் தியாகம் செய்ய வேண்டியது உயரத்தைத்தான். கேமராவைப் பொருத்தி, லென்ஸை மேலே திருப்பி, திருகை இறுக்கினேன். முதல் மூலை.

படம் குழம்பியிருந்தது. இன்னொன்று. அதுவும் குழம்பல். ஏனென்று பார்த்தால் சாஹா. போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார். நான் ஷட்டரைத் திறந்தால் நடக்கிறார், மூடினால் நிற்கிறார்.

“தாதா, கொஞ்சம் நடக்காம இருக்க முடியுமா?” என்றேன். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.

“ஐயோ திதி, எனக்கு சுகர். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்.” புன்னகையோடு வழக்கறிஞரைப் பார்த்தார். “நான் நடக்கக்கூடாதுன்னு ஆர்டர்ல இருக்கா மேடம்?”

அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, “அப்படி எதுவும் சொல்லலை” என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆர்டரில் மூச்சு விடலாம் என்றும் சொல்லியிருக்காது.

இன்னொரு பிரச்சினையும் முளைத்தது. லென்ஸின் கனத்தை, கேமராவைப் பிடித்திருக்கும் ட்ரைபாடின் தலையால் தாங்க முடியவில்லை. இறுக்கிவிட்டுக் கையை எடுத்தால், தூக்கம் வந்த குழந்தையின் தலையைப் போல லென்ஸ் மெல்லச் சரிந்தது. இன்னும் இறுக்கினேன். அப்போது சாஹா ஒரு கோடியில் போய்த் திரும்பினார். தளம் அதிர்ந்தது. ட்ரைபாடின் ஒரு காலில் பூட்டு நழுவி, அதன் துண்டு சர்ரென்று உள்ளே போனது. கேமரா அப்படியே சாய்ந்தது. என் வலது கை தானாக எழுந்து பாதியிலேயே நின்றுவிட்டது. தோள் ஒத்துழைக்கவில்லை.

பிடித்தவர் பார்த்தசாரதி. எப்படிப் பாய்ந்தார் என்று தெரியவில்லை. கோப்புக்கு அப்பால் எதற்காகவும் ஓடியறியாத மனிதர், தரையில் தொப்பென்று உட்கார்ந்து, கேமராவை மடியில் ஏந்தியிருந்தார். ட்ரைபாட் பக்கத்தில் கால் பரப்பிக் கிடந்தது.

“மேடம்... இந்த ரெண்டுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்றார் ஈனசுரத்தில்.

இளைய நண்பர்களே, இந்த இடத்தில் எனக்கு வந்த ஆசையைச் சொல்லிவிடுகிறேன். அதே ஆசை உங்களுக்கும் ஒரு நாள் வரும். கேமராவைப் பையில் வைத்துவிட்டு, இந்தக் கருவியால் படமெடுக்க இயலாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஒருவரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. நான் அன்றே தட்டிக் காட்டியது சரி என்று நிரூபணமாகும். இயக்குநரும் சென்குப்தா பாபுவும் தலைகுனிந்து நிற்கும் காட்சி மனதில் எவ்வளவு தெளிவாக, ஒரு நடுக்கமும் இல்லாமல் தெரிந்தது என்கிறீர்கள்! தோற்றுப்போய் ஜெயிப்பதற்கு இவ்வளவு நல்ல வாய்ப்பு அரசுப் பணியில் அடிக்கடி கிடைக்காது.

ஆனால் கதவருகே மித்ரா அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது சரியென்று நிரூபித்தால் அவருக்கு வீடு இல்லை.

“சார், எழுந்திருக்காதீங்க” என்றேன் பார்த்தசாரதியிடம்.

அவர் மடியில் கேமரா மல்லாந்து கிடந்தது. லென்ஸ் நேராகக் கூரையைப் பார்த்தது. சரியவில்லை. சரிய வழியே இல்லை, அதன் மொத்தக் கனமும் கீழே தொடையில் இறங்கியிருந்தது. கூரையைப் படமெடுக்க எனக்கு எதற்கு உயரம்? மாதக்கணக்கில் கால்களைப் பற்றியே பேசி, நாங்கள் எல்லோரும் தரை என்ற ஒன்றை மறந்துவிட்டோம்.

“அப்படியே வச்சு எடுத்துடலாமா? நான் அசைய மாட்டேன்” என்றார் அவர். சொல்லும்போதே தொடை நடுங்கியது.

“திதிமணி, வீட்டுல தலையணை இருக்கா? அழுத்தமா, பஞ்சு கெட்டியா?”

அவர் உள்ளே போய் ஒரு பாஷ்பாலிஷ் கொண்டுவந்தார். உருளைத் தலையணை. அதைக் கட்டிக்கொள்ளாமல் வங்காளிக்குத் தூக்கம் வராது. பல வருடங்கள் கட்டிக்கொண்டு படுத்துக் கல்லாய் இறுகிய பஞ்சு. நான் முதலில் மூலைக்குப் போனேன். தளத்தின் நடுப்பகுதிதான் ஊஞ்சல் போல ஆடும், சுவரோரம் உத்தரம் சுவருக்குள் போய் உட்காருவதால் உறுதியாக இருக்கும். ஓவியக் குழந்தைகளும் மூலைகளில்தான் இருந்தன. தலையணையை அங்கே போட்டு, குழி பண்ணி, கேமராவை மல்லாக்கப் படுக்க வைத்தேன். கேமராவைத் தொடாமல் போனிலேயே காட்சியைப் பார்க்கலாம், அதிலேயே ஷட்டரையும் திறக்கலாம். நவீன வசதிகளைக் குறை சொல்லமாட்டேன்.

மீதி இருந்தது சாஹா. அவர் நின்ற இடத்திலேயே புது உற்சாகத்தோடு உடற்பயிற்சி போலக் கால் மாற்றிக்கொண்டிருந்தார். மரியாதையாகச் சொல்லியாயிற்று, சட்டம் துணைக்கு வரவில்லை. நான் மித்ரா அம்மாளிடம் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

“திதிமணி, இந்தக் கூடத்துல யாருமே அசையக்கூடாது. என்னால அவரை நிறுத்த முடியலை.”

அவர் நேராகக் கூடத்தின் நடுவுக்கு வந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார்.

“பொஷோ!”

உட்கார் என்று அர்த்தம். பெரியவர்களிடம் சொல்கிற உட்காருங்கள் அல்ல, பள்ளிக்கூடத்து உட்கார். அந்தக் குரல் சுவரில் பட்டுத் திரும்புவதற்குள் சாஹா தரையில் சம்மணமிட்டிருந்தார். யோசித்து உட்காரவில்லை, முழங்கால் தானாக மடங்கிவிட்டது. வழக்கறிஞரும் உட்கார்ந்துவிட்டார், மடியில் தாள்கள் சிதற. பார்த்தசாரதி ஏற்கெனவே தரையில்தான் இருந்தார், முதுகை மட்டும் நிமிர்த்திக்கொண்டார். நானும் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

“போன்” என்றார் மித்ரா அம்மாள். சாஹா அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ரயில் ஒன்று தூரத்தில் போனது. ஜன்னல் கண்ணாடிகள் கிலுகிலுத்து ஓயும்வரை காத்திருந்து ஷட்டரைத் திறந்தேன். அந்தப் பெருங்கூடத்தில் பெரியவர்கள் எல்லோரும் கைகட்டி, மூச்சடக்கி, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷட்டர் மூடியது. போனில் படத்தைப் பெரிதாக்கினேன். தூரிகையின் ஒவ்வொரு மயிரிழைத் தடமும் தனித்தனியாகத் தெரிந்தது.

அடுத்த மூலைக்கு நகர எல்லோரும் எழுந்தோம். “பொஷோ!” எல்லோரும் உட்கார்ந்தோம். நான்கு மூலையும் அப்படியே முடிந்தது. கடைசி மூலையில் சாஹா சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். நடைப்பயிற்சியைவிட அது அவருக்கு நல்ல பயிற்சி.

நீதிமன்றத்தில் அந்தப் படங்கள் பேசின. அச்சடித்த காகிதமாக இருந்தால் நான்கு குழந்தைகளும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொன்றும் ஒரு விதம். ஒன்றுக்கு மாறுகண், ஒன்றுக்கு இடது காலில் ஆறு விரல். ப்ரொமோட்டரின் வக்கீல் சளைக்கவில்லை. அப்படியானால் இது குறைபாடுள்ள ஓவியம், பாதுகாக்கத் தகுதியற்றது என்று வாதிட்டார். ஆறாவது விரலுக்காக ஒரு கூரையை இடிக்க முடியாது என்று தீர்ப்பானது. கூடமும் மித்ரா அம்மாளின் பங்கும் தப்பின. பின்பக்கக் காலி இடத்தில் மட்டும் அடுக்குமாடி எழுந்தது. அதன் விளம்பரப் பலகையில், பாரம்பரிய ஓவியக் கூரையின் நிழலில் நவீன வாழ்க்கை என்று எழுதி, நான் எடுத்த படத்தையே போட்டிருந்தார்கள். அனுமதி கேட்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் குழு மீண்டும் கூடியது. புதிய ட்ரைபாட் கடினமான சூழலில் எதிர்பார்ப்பை முழுமையாக நிறைவேற்றியது என்று தீர்மானம் போட்டது. பார்த்தசாரதி வாயைத் திறந்து மூடினார். பிறகு, யாரும் எதிர்பாராதபடி எழுந்து நின்றார்.

“சார், அது கீழே விழுந்தது. நான்தான் பிடிச்சேன். படம் எடுத்தது தலைகாணியில.”

பிறகு சென்குப்தா பாபு, தலையணை எந்தக் கணக்குத் தலைப்பின் கீழ் வரும் என்று கேட்டார். ஓய்வறைச் சாமான் என்ற தலைப்பில் வரலாம், ஆனால் நமக்கு ஓய்வறை இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். தீர்மானத்தை மாற்றவில்லை. ஆனாலும் அன்றைக்குப் பிறகு, விவரம் எழுதும் வேலையைப் பற்றி இயக்குநர் பேச்செடுக்கவில்லை. ஏஜென்சிக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கேமராவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வருவதாகச் சொல்லிப் போனார். வரவில்லை.

நான் கரியாஹாட் நடைபாதைக் கடையில் தடித்த காடாத்துணி வாங்கி, கம்பு தானியம் நிரப்பி, ஒரு பை தைத்துக்கொண்டேன். சுவர், ஜன்னல் விளிம்பு, கார்க் கதவு எதன்மேலும் அதைப் போட்டுக் கேமராவை வைக்கலாம். தடித்த கால் ட்ரைபாட் ஒன்றையும் சொந்தமாக வாங்கினேன். பையை நான் சுமப்பேன், ட்ரைபாடைப் பார்த்தசாரதி சுமப்பார். விதியில் ‘உடன் செல்ல வேண்டும்’ என்றுதான் இருந்தது, சும்மா செல்ல வேண்டும் என்று இல்லை. ஓய்வுபெறும்வரை அப்படியே ஓட்டினோம்.

வழக்கு முடிந்து சில நாட்களில், ஆறு விரல் குழந்தையின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஹவுராவுக்குப் போனேன். மித்ரா அம்மாள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அழப்போகிறாரோ என்று எனக்குத் தோன்றியது.

“கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இதுக்குக் கீழதான் படுக்கறேன்” என்றார். “இந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்கறதாத்தான் நினைச்சிருந்தேன்.”

“சிரிக்கலையா?”

படத்தை என் பக்கம் திருப்பினார். நானும் அப்போதுதான் முகத்தைக் கவனித்தேன். அதுவரை எல்லோரும் விரல்களையே எண்ணிக்கொண்டிருந்தோம். குழந்தையின் உதடு பிதுங்கியிருந்தது, புருவம் நெரிந்திருந்தது. அது பசியில் அழுதுகொண்டிருந்தது.

“வரைஞ்சவன் வீட்டுல கைக்குழந்தை இருந்திருக்கு” என்றார் மித்ரா அம்மாள், அதைச் சுவரில் மாட்ட ஆணி தேடிக்கொண்டே.